சாயம் காணாது

வா மனே, வாங்கில குந்து. கையில என்ன பெட்டி? தேயிலையா? நான் ஆருக்கோ நகை எடுத்துக்கொண்டு வாறாயாக்கும் எண்டு நினைச்சிட்டன். உள்ளுக்க ஒரு கடதாசியும் கிடக்கு. தண்ணி எத்தின பாகை சுட வேணும், எத்தின நிமிசம் ஊற வேணும். மணிக்கூடு பாத்துக் குடிக்க இதென்ன காய்ச்சல் மருந்தா?

செங்கலடிச் சந்தியில நிண்டுகொண்டு எனக்குத் தேயிலை படிப்பிக்க வந்திருக்காய். இந்தச் சந்தியில வந்து முடியுதே பதுளை வீதி, அது எங்க துடங்குது சொல்லு பாப்பம்? பேராதனையில. கம்பளை, நுவரெலியா, வெலிமடை, பதுளை எண்டு தேயிலைக்குள்ளால நெளிஞ்சு நெளிஞ்சு ஏறி இறங்கி, பிபிலை, மகாஓயா தாண்டி, நம்மட கறுத்தப் பாலத்தடியால வந்து இந்தச் சந்தியிலதான் மூச்சு விடுது. தேயிலை றோட்டுட வால் நம்மட வாசல்ல கிடக்கு. நீ கொழும்பில இருந்து பெட்டியில கொண்டு வாறாய்.

கச்சான் காத்து தெரியும்தானே? ஆடி ஆவணியில அடிச்சா உதடு வெடிக்கும், வட்டை காயும், சோத்துக்குள்ளயும் புழுதி. அந்தக் காத்து மலைக்கு மேற்கால மழையெல்லாத்தையும் கொட்டிப்போட்டு, வெறுங்கையோட ஊவாப் பக்கம் இறங்குது. அந்த வறட்சியிலதான் அங்க கொழுந்துக்கு வாசம் ஏறுதாம். யூலை துடங்கி செத்தெம்பர் வரைக்கும் ஊவாத் தேயிலைக்குத் தனி மவுசு. மறுகா அந்தக் காத்து இஞ்ச வருது. வாசம் அங்க, புழுதி இஞ்ச.

நம்மட கடையில ஊத்துற தேயிலைக்குப் பேரும் அதுதான், தெரியுமா? டஸ்ட். புழுதிக்குப் பிறந்தவனுக்குப் புழுதித் தேயிலை. ஆனா துணிப்பையில போட்டுக் கொதிதண்ணி விட்டுப் பார், என்ன சாயம்! உன்ட பெட்டியில ஒறேஞ் பீக்கோ எண்டு கிடக்கு. எங்கடா தோடம்பழம்? கவிட்டுக் கொட்டினாலும் ஒரு சுளை விழாது. அது இலைட தரத்துக்கு வச்ச பேர்.

நானும் வாசிகசாலையில குந்தி நாலு எழுத்துப் படிச்சவன்தான். ஜோர்ஜ் ஓர்வெல் எண்டு ஒரு வெள்ளைக்காரர், பிறந்தது இந்தியாவில மோத்திகாரியில, 1946இல தேத்தண்ணிக்கு 11 சட்டம் எழுதினவர். இந்தியத் தேயிலை, இல்லாட்டி சிலோன் தேயிலைதான் எடுக்க வேணுமாம். மனிசன் நல்லவன். மறுகா சொல்லுறார், சீனி போடுறவன் தேத்தண்ணிப் பிரியனே இல்லையாம். அங்கதான் எனக்கு ஐமிச்சம். அந்த நேரம் அவங்கட நாட்டிலயும் சீனி பங்கீட்டுக்குத்தான். சீனி கிடைக்காதவன் சீனி கூடாது எண்டு சொல்லுறது நமக்குத் தெரியாததா?

அதுக்குப் பிறகு 1980இல உலகத்துக்கே ஒரு தரக்கட்டளை போட்டாங்க. 100 மில்லித் தண்ணிக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிசம் ஊற வேணும். ருசி பாக்கிறவங்க எல்லாத்தையும் ஒரே மாதிரி ஊத்தி ஒத்துப் பாக்கிறதுக்கு அது. நியாயம்தான். நீ என்ன ஏலக்காரனா? பிரித்தானியத் தர நிறுவனம் இதுக்கு 6 பக்கம் எழுதி வச்சிருந்த. 1999இல அந்த ஆறு பக்கத்துக்கும் இலக்கியப் பரிசு குடுத்தாங்க. நோபல் இல்லடா, இக்நோபல். சிரிக்கிறதுக்குக் குடுக்கிற பரிசு.

தெற்கே அஹங்கமப் பக்கம் ஒரு தோட்டத்தில கொழுந்தக் கை படாம எடுக்கிறாங்க. கையுறை போட்டு, கத்தரிக்கோலால நறுக்கி. பேர் கன்னி வெள்ளைத் தேயிலை. 1867இல ஜேம்ஸ் டெய்லர் எண்ட வெள்ளைக்காரர் லூல்கந்துரவில 19 ஏக்கரில தேயிலை நட்ட நாளில இருந்து எத்தின பொம்பளையளிட விரல் கறுத்திருக்கும்? அந்த விரல் பட்டதுக்கு ஒரு விலை. படாததுக்குப் பெரிய விலை.

அசாமில இன்னும் விசேசம். 2021இல மனோகாரித் தோட்டத்துத் தங்கத் தேயிலை ஒரு கிலோ 99,999 இந்திய ரூபாக்கு ஏலம் போன. அந்த ஒரு ரூபாய ஏன் விட்டாங்க? வாங்கினவன் பஸ்ஸுக்கு வச்சிருக்கட்டும் எண்டாக்கும்.

தாய்வான் தேத்தண்ணிக்குள்ள கறுப்பு உருண்டை கிடக்குமாமே, உறிஞ்சிச் சப்பிக் குடிக்கிறாங்களாம். அது மரவள்ளி மாதானேடா. கரடியனாத்துப் பக்கம் மரவள்ளிய அவிச்சுச் சம்பலோட தின்றம். தேத்தண்ணி பக்கத்தில இருக்கும், உள்ள இல்ல.

எழுபதுகளில, கூப்பன் காலத்தில நாங்க குடிச்ச குடி உனக்குத் தெரியாது. சீனி தட்டுப்பாடு. உள்ளங்கையில ஒள்ளுப்போல சீனி. ஒரு நக்கு, ஒரு முறடு. கடைசி முறடு வரைக்கும் அந்தச் சீனிய இழுத்துப் பிடிக்கிறதுதான் கெட்டித்தனம். சீனியே இல்லாட்டிப் பனங்கட்டிக் கடி. இப்ப சீனி மூட்டையாக் கிடக்கு, எனக்கு இன்னும் உள்ளங்கைதான். டொக்டர் நாளைக்கு ஒரு கரண்டி எண்டவர். கையில வச்சு நக்கினா எந்தக் கரண்டியில அளக்கிற?

ஆளுக்கொரு நாக்கு மனே. எனக்குத் தெரிஞ்ச போடியார் ஒருத்தர் தட்டத்தில ஊத்தி ஊதி ஊதித்தான் குடிப்பார். நூறு ஏக்கர் வயல் இருந்த, கோப்பையில குடிக்கத் தெரியா. அடுத்த வளவுக்காரனுக்கு டின்பால் கரண்டி நிக்கிற மாதிரி விட வேணும். 2022இல பால்மா இல்லாமப் போகக்குள்ள, ஆரோ செத்த மாதிரித் திண்ணையில குந்தியிருந்தான். நான் இஞ்சி தட்டின பிளேன்டீ ஒண்டு குடுத்தன். குடிச்சான். மறுநாளும் வந்தான்.

நான் சட்டம் ஒண்டும் வைக்கிறல்ல. கேத்தில் விறகில கொதிக்க வேணும், அவ்வளவுதான். கேஸில கொதிச்சா எனக்குத் தெரியும். கிளாசில குடிக்க வேணும், காது வச்ச கோப்பை சரிவராது. இஞ்சிய அம்மியில தட்டுற, கத்தியால வெட்டுறல்ல. ஆத்துறெண்டா நாலு தரம், அஞ்சாம் தரம் சூடு போயிரும். ஈரக் கரண்டி தேயிலை டப்பாக்குள்ள போகப்படா. குடிக்கக்குள்ள ஒருத்தரும் என்னோட பறையவும் படா. மருமகள் எண்ணிப்போட்டுப் பதின்மூண்டு சட்டம் எண்டு சொல்லித் திரியிறாள். அவளுக்கு எண்ணத் தெரியா.

சரி, கொண்டு வந்திட்டாய், ஊத்து பாப்பம். சீனி தனியா. கிளாசில.

ம்ம். மணம் கிடக்கு. பழுதில்ல. சாயம்தான் காணாது. இன்னொரு கரண்டி போட்டு வை. அந்தக் கடதாசியப் பாக்காத, போதும் எண்டு நான் சொல்லுவன்.