ஜூன் மாதத் தலைமையாசிரியர்

தமிழ்நாட்டு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஜூன் மாதத்தில் தோன்றி, காலாண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில் எல்லாரையும் போன்ற தலைமையாசிரியராக மாறிவிடும் ஓர் இனத்தாரை, வேறு பெயர் இல்லாமையால், ஜூன் மாதத் தலைமையாசிரியர் என்றே குறிப்பிடலாம். இவருடைய பிறப்பிடம் கலந்தாய்வு. இச்சொல்லுக்குப் பலர் கூடி ஆராய்தல் என்று அகராதி பொருள் சொன்னாலும், பள்ளிக் கல்வித் துறையில் அது, காலியிடப் பட்டியல் கணினித் திரையில் விரிய, முன்னுரிமை வரிசைப்படி அழைக்கப்பட்டவர் தம் எஞ்சிய பணிக்காலத்தை எந்த ஊரில் கழிப்பது என்பதைச் சில நிமிடங்களுக்குள் சொல்லிவிட்டு எழ வேண்டிய நிகழ்ச்சியைக் குறிக்கும். வீட்டுக்கு அருகில் இருந்த பள்ளி வரிசையில் தமக்கு முன் இருந்தவருக்குப் போய்விட, இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டிய பள்ளி வாய்த்தவர், அப்பள்ளியைத் திருத்துவதற்காகவே தாம் பிறந்ததாக வீடு திரும்பும் வழியிலேயே உணர்ந்துகொள்கிறார்.

பணியேற்பு அறிக்கையில் ‘முற்பகல்’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, சால்வைகளையும் லட்டும் மிக்சரும் வைத்த தட்டையும் ஏற்றுக்கொண்ட பிறகு, இவர் செய்யும் முதல் வேலை மேசையைத் திருப்பிப் போடுவது. முன்னவர் வாசலைப் பார்த்து அமர்ந்திருந்தால் இவர் மைதானத்தைப் பார்த்து அமர்வார். இது வாஸ்து என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள், அது பிழை. இவ்வினத்தாரின் சீர்திருத்தங்கள் மாணவரை நோக்கி இயற்றப்பட்டவை போலத் தோன்றினாலும், உள்ளபடி அவை மாறுதலில் போனவருக்கு எழுதப்படும் மறுமொழிகள். முன்னவர் காலை வணக்கக் கூட்டத்தை வாரம் ஒரு நாள் நடத்தியிருந்தால் இவர் நாள்தோறும் நடத்துவார். அவர் நாள்தோறும் நடத்தியிருந்தால், பிள்ளைகள் வெயிலில் மயங்கி விழுகிறார்கள் என்று மனமிரங்கித் திங்கட்கிழமையோடு நிறுத்திக்கொள்வார். அந்த முன்னவரும் தமக்கு முன்னவரை இவ்வாறே திருத்தியவர் ஆதலால், ஆறேழு ஆண்டுகளில் பள்ளி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. பழைய மணியடிக்கும் நேரப் பட்டியல்களைக் கிழிக்காமல் அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் அலுவலக உதவியாளர் ஒருவரே இச்சுழற்சியை நன்கு அறிந்தவர் எனினும், அவரிடம் எவரும் கேட்பதில்லை.

முதல் ஆசிரியர் கூட்டம் “நாம எல்லாரும் ஒரே குடும்பம்” என்று தொடங்கி, “முன்கூட்டிச் சொல்லாம யாருக்கும் சி.எல். கிடையாது” என்று முடியும். சி.எல். எனப்படும் தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். தற்செயலாக நேர்வதை எப்படி முன்கூட்டிச் சொல்வது என்ற ஐயம் தமிழாசிரியருக்கு மட்டும் எழும், அவரும் வாய் திறக்கமாட்டார். அடுத்துக் கால அட்டவணை. கணக்கு ஆசிரியை மாறுதலில் போயிருப்பார். அவர் இடத்துக்கு ஆள் வந்திருக்காது. அறிவியல் ஆசிரியர் ஒருவர் பணிநிரவலில், அதாவது மாணவர் எண்ணிக்கைக்கு மிகுதியாக உள்ளவரை ஆள் குறைந்த பள்ளிக்கு அனுப்பும் ஏற்பாட்டில், வேறிடம் போயிருப்பார். ‘உபரி’ என்று கோப்பில் எழுதப்பட்ட அவர் போன மறுநாளே அவருடைய வகுப்புகளை எடுக்க ஆளில்லாமல் போவது துறைக்கே உரிய கணிதம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் செலவில் தற்காலிக ஆசிரியர் ஒருவரைத் தேடும்வரை, இருப்பவர்களைக் கொண்டு வாரத்தின் 40 பாடவேளைகளையும் நிரப்பியாக வேண்டும்.

வெள்ளை அட்டை ஒன்றை மேசையில் விரித்து, நான்கு மூலைகளிலும் சாக்பீஸ் டப்பா, டஸ்டர், பஞ்ச் மெஷின், தேநீர்க் கோப்பை ஆகியவற்றைப் பாரமாக வைத்து, உதவித் தலைமையாசிரியர் பென்சிலால் கட்டம் போடும்போது சுற்றி நிற்பவர்களின் முகங்கள், சொத்துப் பிரிக்கும்போது உடன்பிறந்தார் முகங்கள் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். “எனக்கு மத்தியானம் முதல் பீரியட் வேணாம் சார், பசங்க சாப்பிட்டுட்டுத் தூங்கிடுறாங்க” என்று ஒருவர் சொல்ல, தூங்குவது பசங்கதானா என்று மற்றொருவர் முணுமுணுப்பார். விளையாட்டு வேளைகளில் பாதி, கேட்பாரின்றிக் கணக்குக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை எட்டாம் வேளை, ஒன்பதாம் வகுப்பு ‘இ’ பிரிவு என்ற ஒரு கட்டம் மட்டும் கடைசிவரை வெறுமையாக நிற்கும். அன்று காலைதான் பணியேற்ற இளம் ஆசிரியர், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி கதவோரம் நிற்பது அப்போதுதான் எல்லார் கண்ணிலும் படும்.

ஒழுங்கு விதிகள் சுற்றறிக்கைப் பதிவேட்டில் எழுதப்பட்டு வகுப்பு வகுப்பாகச் செல்லும். முதலிடம் தலைமுடிக்கே. ‘பாக்ஸ் கட்டிங்’ என்பது பக்கங்களை மழித்து உச்சியில் காடு வளர்க்கும் கலை. இதை எதிர்த்துத் தலைமையாசிரியர்கள் சிலர் உள்ளூர் முடிதிருத்தும் கடைகளுக்கே வேண்டுகோள் கடிதம் எழுதியது நாளிதழ்களில் வந்த செய்தி. அடுத்த இடம் மணிக்கட்டுக் கயிற்றுக்கு. இதில் மட்டும் நகைப்புக்கு இடமில்லை. கயிற்றின் நிறம் சாதியைச் சொல்லும் ஊர்கள் உண்டு. நாங்குநேரியில் மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் சாதிவெறியில் வெட்டிய நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் இக்கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்திருக்கிறது. முன்னவர் கண்டுகொள்ளாமல் விட்ட கயிற்றை இவர் முதல் நாளே கழற்றச் சொல்வாராயின், மேசையைத் திருப்பிய குற்றத்தை மன்னித்துவிடலாம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் துன்புறுத்தலையும் தடுத்துவிட்டதால், பிரம்பு நிலப்படத்தில் காவிரியைக் காட்டும் கருவியாகிவிட்டது. எஞ்சிய ஒரே படைக்கலம் “அப்பாவக் கூட்டிட்டு வா” என்பது. வந்து ஒரு வாரமே ஆன தலைமையாசிரியருக்கு ஊரார் முகம் பிடிபடாது என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவன் நன்கறிவான் ஆதலின், மறுநாள் இருசக்கர வாகனப் பழுதுக்கடை அண்ணன் ஒருவர் சித்தப்பாவாக வந்து, கைகட்டி நின்று, “ரெண்டு தட்டு தட்டுங்க சார்” என்று சட்டத்துக்குப் புறம்பான அனுமதியும் வழங்கி, கறை படிந்த விரலால் கையொப்பமிட்டுச் செல்வார். வராந்தாவில் நிற்கும் உடற்கல்வி ஆசிரியருக்கு அவரைத் தெரியும். தம் வண்டி அந்தக் கடையில் நிற்பதால் ஒன்றும் சொல்லமாட்டார்.

செப்டம்பருக்குள் எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றும் வேலையும், மாவட்ட அலுவலகத்தின் ‘மிக அவசரம்’ கடிதங்களும் இவரை நாற்காலியோடு கட்டிப்போட்டுவிடும். அடுத்து வருபவர் எதைத் திருப்பிப் போடுவார் என்ற நினைப்பு இவருக்கு வருவதில்லை. ஓய்வு வயது 2021 முதல் 60 ஆக உயர்ந்திருந்தாலும், பதவி உயர்வு ஐம்பதைத் தாண்டியே கிடைக்கப்பெற்றவர்கள் ஓரிடத்தில் தங்குவது சில ஆண்டுகளே. இவருடைய தலைக்கு மேல், சுவரில், ‘பணியாற்றிய தலைமையாசிரியர்கள்’ என்ற பலகை தொங்குகிறது. அதில் பெயருக்கு அடுத்து ‘முதல்’, ‘வரை’ என்று இரண்டு கட்டங்கள். புதியவரின் பெயரை எழுத வரும் பெயின்டர், பழையவரின் ‘வரை’யையும் அதே தூரிகையால் நிரப்பிவிடுகிறார், கூலி இரண்டுக்கும் சேர்த்துத்தான்.