சுருக்குப்பையும் செதில்களும்: தாமத சாஸ்திரத்திற்கு ஒரு முகவுரை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்குப் பேருந்தில் பிரயாணம் செய்வோர் பலர், ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பதிலோ உறங்கி வழிவதிலோ காலத்தைக் கழித்துவிட்டு, பக்கத்து இருக்கையிலேயே நிகழும் அரியதொரு சாஸ்திரப் பிரயோகத்தைக் காணாமற்போவது வருந்தத்தக்கது. முண்டியம்பாக்கத்தில் நடத்துநர் டிக்கெட் கேட்கிறார். மூதாட்டி இடுப்புச் செருகலைத் தளர்த்திச் சுருக்குப்பையை வெளியே எடுக்கிறார். விக்கிரவாண்டியில் பையின் வாய் திறக்கிறது. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, புகையிலைத் துணுக்கு ஆகியவை முறையே மடியில் இறங்க, அடியில் கிடக்கும் சில்லறை கூட்டேரிப்பட்டு வருவதற்குள் எண்ணி முடிக்கப்படுமாயின், அதைத் துரிதப் பிரயோகம் என்றே கொள்ளலாம். (2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாகிவிட்டபடியால், இவ்வாராய்ச்சி வெளியூர்ப் பேருந்துகளை நம்பியே நடக்கவேண்டியிருக்கிறது.)

பை என்பது பொருளை வைத்துக்கொள்வதற்காக ஏற்பட்டது என்பது பாமர அபிப்பிராயம். சுருக்குப்பையோ, வைத்த பொருளை எடுப்பதைத் தாமதப்படுத்தவே ஏற்பட்டது என்பது நமது சித்தாந்தம். இதற்குப் பிரத்யட்சப் பிரமாணம் அதன் கயிறுகளிலேயே இருக்கிறது. வாய்விளிம்பை மடித்துத் தைத்த ஒரே புழைக்குள் இரண்டு கயிறுகள் ஓடுகின்றன. ஒன்று இடப்புறம் நுழைந்து முழுவதும் சுற்றி இடப்புறமே வெளிவந்து முடிச்சாக, மற்றொன்று வலப்புறம் அவ்வாறே செய்கிறது. இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் வாய் நொடியில் மூடிக்கொள்ளும். ஆனால் எந்தக் கயிற்றை எப்படி இழுத்தாலும் அது திறக்காது. இறுகிய மடிப்புகளுக்குள் விரல்களை நுழைத்து, சுருக்கங்களை ஒவ்வொன்றாக நெகிழ்த்தியாக வேண்டும். "ஆயா, ஐஸ் வாங்க அஞ்சு ரூபா குடு" என்று பேரன் நின்றால், "இருடா, எடுக்குறேன்" என்று தொடங்கும் அக்காரியம் முடிவதற்குள் ஐஸ் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. ஆயா கொடுக்க மறுக்கவில்லை, பணமும் செலவாகவில்லை.

அரசாங்க உத்தரவுகளும் இப்பைக்குள் தாமதித்தே நுழைகின்றன. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று கணக்கு மாறிய பிறகும் அணா இங்கே வெகுகாலம் அரசாண்டது. 2011 ஜூன் மாத இறுதியோடு செல்லாததாகிவிட்ட நாலணாக் காசும், வளைந்து வளைந்து செல்லும் விளிம்புடைய பத்துப் பைசாவும் இன்றும் பாக்குத் தூளோடு பாக்குத் தூளாக ஏதேனும் ஒரு பையின் மூலையில் வாசம் செய்யக்கூடும்.

இனிச் செதில் விஷயம். குரோஷா ஊசியும் கம்பளி நூலும் கொண்டு சுருக்குப்பை பின்னி, அதன்மேல் வரிசை வரிசையாகச் செதில் வைப்பதை மேல்நாட்டார் முதலைப் பின்னல் என்பர். முதலில் இரண்டிரண்டு கால்களாகச் சேர்ந்து நிற்கும் ஒரு வரிசை போட்டு, ஒரு காலின்மேல் ஐந்து பின்னல் இறங்கி, அடுத்த காலின்மேல் ஐந்து பின்னல் ஏறினால் ஒரு செதில் உருவாகும். அடுத்த வரிசைச் செதில்கள் முந்தியவற்றின் இடைவெளிகளுக்கு நேராக விழவேண்டும். நூல் சாதாரணப் பின்னலைவிட மிக அதிகமாகச் செலவாகும், பொறுமையும் அப்படியே.

செதில் நுனி கீழ்நோக்கியே இருத்தல் வேண்டும் என்பது நமது துணிபு. மரக்காணத்து மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்குகிறது. வாலிலிருந்து தலைக்குத் தடவினால் கை தடைப்படுகிறது. ஆகவே மேலிருந்து வரும் உடையவளின் கைக்கு வழிவிட்டு, கூட்டத்தில் கீழிருந்து வரும் அந்நியன் கையை மறிக்கும் யுக்தி இதில் அடங்கியிருக்கிறது. கம்பளிச் செதில் திருடனை எவ்வளவு தூரம் தடுக்கும் என்று கேட்பவர்கள் சாஸ்திரத்தில் சிரத்தை இல்லாதவர்கள்.

திண்டிவனத்து மூதாட்டி ஒருவருக்குப் பேத்தி இத்தகைய செதில் பை ஒன்றைப் பச்சைக் கம்பளியில் பின்னிக் கொடுத்தாள். ஆயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சுண்ணாம்பு பட்டா இதை யாருடி தொவைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பழைய துணிப்பையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, புதியதில் கைபேசியைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அது ஒலிக்கும்போதெல்லாம் கயிற்றை நெகிழ்த்தி எடுப்பதற்குள் ஓய்ந்துவிடுகிறது. அவசரமென்றால் மறுபடி கூப்பிடட்டும் என்பது அம்மையாரின் பதில்.