விசில் ஊதாத கோச்

கேள்வி: அதட்டி உருட்டாமல் ஒரு விளையாட்டு அணியை ஜெயிக்க வைக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். 489 முறை ஜெயிக்க வைத்தவரே இருந்திருக்கிறார். பெயர் ஜான் கலார்டி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தின் கால்பந்து கோச்சாக இருந்தவர். நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல இது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆளோடு ஆள் மோதும் அமெரிக்கக் கால்பந்து. அங்கே கல்லூரி ஆட்டத்தில் அவரைவிட அதிக வெற்றி கண்ட கோச் கிடையாது.

1943-ல் அவர் படித்த பள்ளியின் கோச் போருக்குப் போய்விட்டார். 16 வயது ஜானே அணியை நடத்தினார். தனக்கே பிடிக்காத தண்டால், ஓட்டம் எல்லாவற்றுக்கும் அன்றே விடுமுறை! 1953-ல் செயின்ட் ஜான்ஸுக்கு வந்தார். 2012 வரை அதே மைதானம்தான்; நான்கு தேசியப் பட்டங்கள்.

பயிற்சியில் விசில் கிடையாது. ஒருவரை ஒருவர் மோதித் தள்ளுவது கிடையாது. வீரர்கள் அவரை ‘கோச்’ என்று கூப்பிடக்கூடாது, ‘ஜான்’ என்றே கூப்பிட வேண்டும். ஆட வந்த எவரையும் கழித்துக்கட்டியதில்லை. ஒரு பயிற்சி இன்னும் அழகு: எல்லோரும் புல்லில் மல்லாந்து படுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் “இன்று எவ்வளவு நல்ல நாள்” என்று சொல்ல வேண்டும்!

மிச்ச நேரமெல்லாம் ஆட்ட உத்திகளைப் பிசிறில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வார்கள். அடிபடாத உடம்போடும் தெளிவான மூளையோடும் சனிக்கிழமை களமிறங்குவார்கள். பிள்ளைகளை மதித்தால் உழைப்பு தானாக வரும். நம்மூர் பயிற்சியாளர்களும் தைரியமாக முயன்று பார்க்கலாம்.