'லிட்ரலி' முந்நூறு வருடப் புலம்பல்

ஆங்கிலம் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது. என்றைக்கு என்று கேட்டால் தேதியே சொல்லலாம்: 1710 செப்டம்பர் 28. அன்றைய லண்டன் 'டாட்லர்' இதழில்தான் ஜோனதன் ஸ்விஃப்ட், பெயர் போடாத ஒரு கடிதத்தின் வழியாக, மொழிக்கொலை பற்றி முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தார்.

குற்றம் என்ன? இளைஞர்கள் சொற்களின் வாலை நறுக்குகிறார்களாம். 'ரெபுடேஷன்' என்று முழுதாகச் சொல்லப் பொறுமை இல்லாமல் 'ரெப்' என்கிறார்கள். 'பாசிட்டிவ்லி' வெறும் 'பாஸ்' ஆகிவிட்டது. எல்லாவற்றையும் விடக் கொடுமை, 'மொபிலி வல்கஸ்' என்ற கம்பீரமான லத்தீன் தொடர் கசங்கிப் பிழியப்பட்டு 'மாப்' ஆனது. இந்த 'மாப்' மீது ஸ்விஃப்டுக்கு அப்படி ஒரு பகை. பல வருடம் போராடிப் பார்த்தும் எதிர்ப்பக்கம் ஆள்பலம் அதிகம் என்று அவரே மூக்கைச் சிந்தினார். கும்பலைக் குறிக்கும் சொல்லை ஒழிக்கப் போய்க் கும்பலிடமே தோற்ற ஒரே எழுத்தாளர் அவராகத்தான் இருக்கும்.

மனிதர் அதோடு விடவில்லை. 1712-ல் நிதிப் பொறுப்பில் இருந்த ஆக்ஸ்ஃபோர்டு பிரபு ராபர்ட் ஹார்லிக்கு ஒரு நீண்ட மனுவை அச்சிட்டே அனுப்பினார். பிரெஞ்சுக்காரர்கள் 1635-லேயே அகாதெமி வைத்துவிட்டார்கள், நாமும் ஒன்று வைப்போம், ஆங்கிலத்தைச் சுத்தம் செய்து அப்படியே உறைய வைத்துவிடுவோம் என்பது கோரிக்கை. 'டிஸ்டர்பெட்' என்று மூன்று அசையாக ஒலிக்க வேண்டியதை 'டிஸ்டர்ப்ட்' என்று இரண்டாகச் சுருக்கிவிட்டார்களே என்ற அழுகையும் அதில் உண்டு. இன்று பி.பி.சி. செய்தி வாசிப்பவரிலிருந்து உங்கள் வீட்டு ஐந்தாம் வகுப்பு வரை எல்லோருமே அந்தக் குற்றத்தைச் செய்கிறோம்.

1714-ல் ஆன் ராணி காலமானார். அதற்குச் சில நாள் முன்புதான் ஹார்லியின் பதவி பறிபோயிருந்தது. அடுத்து ஜெர்மனியிலிருந்து வந்து அரியணை ஏறிய முதலாம் ஜார்ஜுக்கு ஆங்கிலமே தகராறு. அவரிடம் போய் ஆங்கிலத்துக்கு அகாதெமி கேட்க யாருக்குத் தைரியம் வரும்?

வேடிக்கை என்னவென்றால், இதே காலத்தில் ஸ்விஃப்ட் டப்ளினில் இருந்த தன் தோழி ஸ்டெல்லாவுக்கும் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். பகலில் மொழிக்காவல், ராத்திரியில் அந்தக் கடிதங்களில் 'ர' வரவேண்டிய இடத்தில் 'ல' போட்டுக் குழந்தை மழலை. ஊருக்குத்தான் உபதேசம்!

ஸ்விஃப்டுக்கு முன்னால் இந்த விவகாரத்தில் அடியே வாங்கியவர்களும் உண்டு. குவேக்கர் சமயத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸுக்கு, ஒற்றை ஆளைப் பார்த்து 'நீங்கள்' என்று பன்மையில் சொல்வது பொறுக்கவில்லை. அது பொய், இலக்கணப் பிழை, கர்வத்துக்குத் தூபம் என்று வாதாடினார். 1660-ல் இரண்டு தோழர்களோடு சேர்ந்து, பல மொழிகளிலிருந்து சான்று திரட்டி ஒரு தடிப்புத்தகமே போட்டார். அவருடைய ஆட்கள் நீதிபதியையும் 'நீ' என்றே விளித்தார்கள். விளைவை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் 'நீ'யாக இருந்த 'தௌ' ஒழிந்தது, 'யூ' ஜெயித்தது. இன்றைக்கு அந்த 'யூ'வை நிம்மதியாகப் பயன்படுத்திக்கொண்டே, ஒற்றை ஆளை 'தே' என்பதா என்று சண்டை போடுகிறார்கள்.

அடுத்தவர் சாமுவேல் ஜான்சன். மொழியை நிலைநிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் அகராதி வேலையைத் தொடங்கினார். 1755-ல் நாற்பதாயிரம் சொற்களுக்கு மேல் எழுதி முடித்தபோது, அது நடக்கிற காரியமில்லை என்று முன்னுரையிலேயே கையைத் தூக்கிவிட்டார். ஆனாலும் போகிற போக்கில் 'ஃபன்' என்ற சொல்லுக்குக் 'கீழ்த்தரமான கொச்சை' என்று முத்திரை குத்தத் தவறவில்லை.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கமும் இதே கதைதான். 1789-ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், நோவா வெப்ஸ்டருக்குக் கடிதம் எழுதி அங்கலாய்த்தார்: நான் பிரான்சில் இருந்து திரும்புவதற்குள் 'நோட்டீஸ்', 'புரோகிரஸ்' போன்ற பெயர்ச்சொற்களை எல்லாம் வினைச்சொல்லாக்கிவிட்டார்களே, இதைக் கண்டிக்கக் கூடாதா? மின்னலைப் பிடித்தவருக்கு 'புரோகிரஸ்' பிடிபடவில்லை. 1832-ல் கவிஞர் கோல்ரிட்ஜ் 'டேலன்டட்' என்ற சொல்லைக் காட்டுமிராண்டித்தனம் என்று திட்டினார். இன்று அந்தச் சொல் இல்லையென்றால் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி நடுவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் செய்தித்தாள் ஒன்று 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் அச்சிட்டுக் கிண்டல் செய்தது. 'எல்லாம் சரி' என்று சொல்லவே எழுத்துப்பிழை! அந்தக் காலத்தில் பாஸ்டன்காரர்களுக்கு இப்படிப்பட்ட சுருக்கெழுத்து ஜோக்குகளில் ஒரு பைத்தியம். மற்ற ஜோக்குகள் மறந்துபோயின; 'ஓகே' உலகத்தையே வளைத்துப் போட்டது.

இனி, இன்றைய தலைவலிகளுக்கு வருவோம். 'லிட்ரலி' என்றால் சொல்லுக்குச் சொல் அப்படியே என்று பொருள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'சிரிச்சு லிட்ரலி செத்துட்டேன்' என்று சொல்லிவிட்டு உயிரோடு திரிகிறார்கள் என்பது புகார். ஆனால் 1769-லேயே ஃபிரான்சஸ் புரூக் நாவலில் இதே கோளாறு இருக்கிறது. டிக்கன்ஸும் செய்திருக்கிறார். மார்க் ட்வைன் 1876-ல் டாம் சாயர் 'லிட்ரலி' செல்வத்தில் புரண்டதாக எழுதினார். கதவு எதையும் திறக்காத ஒரு சாவி, கயிறு கட்டிய செத்த எலி ஆகியவை அந்தச் செல்வத்தில் அடக்கம். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இந்தப் பொருளை 1909-லேயே சேர்த்தது. 2013-ல்தான் பத்திரிகைகள் தற்செயலாக அகராதியைத் திறந்து பார்த்து அலறின. 'வெரி', 'ரியலி' இரண்டும்கூட உண்மை என்ற பொருளில் பணியில் சேர்ந்து, அழுத்தம் கொடுக்கும் எடுபிடியாக ஆனவைதான். 'லிட்ரலி' அதே இலாகாவில் மூன்றாவது ஆள்.

'லைக்' என்று வாக்கியத்துக்கு நான்கு முறை சொல்வது? 1778-ல் ஃபேனி பர்னியின் நாவலிலேயே ஒரு பாத்திரம் அப்படிப் பேசுகிறது. 1982-ல் ஃபிராங்க் சாப்பா, பதினான்கு வயது மகள் மூனைப் பேசவைத்து கலிஃபோர்னியப் பெண்களின் இந்தப் பேச்சைக் கேலி செய்து ஒரு பாட்டு வெளியிட்டார். அமெரிக்காவில் முதல் நாற்பதுக்குள் வந்த அவருடைய ஒரே பாட்டு அதுதான். கேலியைக் கேட்ட பிள்ளைகள் அதையே பாடமாக எடுத்துக்கொண்டார்கள்.

எந்தக் கேள்விக்கும் 'ஸோ' என்று பதிலைத் தொடங்குகிறார்களே என்று எரிச்சலா? ஆயிரம் ஆண்டுப் பழைய 'பேவுல்ஃப்' காவியமே ஒரு 'ஹ்வாட்' போட்டுத்தான் தொடங்குகிறது. நோபல் பரிசு பெற்ற ஷேமஸ் ஹீனி 1999-ல் அதை மொழிபெயர்த்தபோது முதல் சொல்லாக வைத்தது இதே 'ஸோ'. அவருடைய உறவினர்கள் ஊரில் அப்படித்தான் பேசுவார்களாம். 'அ...', 'ம்...' என்ற இழுவைகளுக்கும் வேலை உண்டு. 2002-ல் ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியபடி, முன்னது 'கொஞ்சம் பொறு', பின்னது 'இன்னும் நேரமாகும், குறுக்கே வராதே'.

இந்த ஆசாமிகள் இப்போது கப்பலேறித் தமிழுக்கும் வந்து, 'ஆக்சுவலா', 'பேசிக்கலா' என்று பெயரை மாற்றிக்கொண்டு தொலைக்காட்சிப் பேட்டிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்குப் பதற்றம் தேவையில்லை. தொல்காப்பியர் இவர்களின் மூதாதையரான மியா, இக, மோ, மதி, இகும், சின் எல்லோருக்கும் 'அசைச்சொல்' என்று இருக்கை எண் கொடுத்து உட்கார வைத்தவர். ஸ்விஃப்ட் தூக்குக்கயிறு தேடிய இடத்தில் அவர் நாற்காலி போட்டார்.

ஸ்விஃப்ட் வெறுத்தவற்றில் 'பாஸ்' செத்துவிட்டது உண்மைதான். அது தானாகச் செத்தது, அவர் கொன்றதல்ல. ஆகவே மொழிக்காவலர் வேலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: ஸ்விஃப்ட், ஜான்சன், ஃபிராங்க்ளின், கோல்ரிட்ஜ் ஆகியோர் முன்பு வகித்த பதவி இது. ஒருவர்கூட ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை. உங்கள் சான்றிதழ்களை ஒருமுறை சரிபார்த்துவிட்டு மனுப் போடவும்.