மைத்துனர் நிதி நிறுவனம் அல்ல

கொடைரோட்டுக்காரனுக்கு டோல்கேட்டைப் பற்றிப் பாடம் வேண்டாம். நாலுவழிச் சாலையில் ஊர்ப் பெயரிலேயே ஒன்று நிற்கிறது. படிப்புக்கும் ஒரு டோல்கேட் உண்டென்பது, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போதுதான் தெரிகிறது.

அம்மையநாயக்கனூர்ப் பக்கத்துத் திராட்சை விவசாயி ஒருவர், மகளின் இங்கிலாந்துப் படிப்புக்காக இரண்டு ஏக்கரை விற்று 20 லட்சம் அனுப்பினார் என்று வையுங்கள். கிராமத்து விவசாய நிலம் விற்ற பணம், வரியே கிடையாது. ஆனால் 2025-26 விதிப்படி, 10 லட்சத்தைத் தாண்டிய தொகையில் 5 சதவீதம், அதாவது 50,000 ரூபாயை வங்கியே பிடித்திருக்கும். ரிட்டர்ன் போட்டால் திரும்ப வருமாம். வரும். சர்க்காருக்குக் கைமாற்று கொடுத்துவிட்டு, அதைத் திருப்பிக் கேட்க ஆடிட்டருக்கும் தட்சணை வைத்தால் வரும்.

அடுத்த தெரு வாத்தியார் வரி கட்டுகிறவர். மகன் திண்டுக்கல்லில் படித்தால், அதே 2025-26 கணக்கில் பழைய வரிமுறையின் 80சி பிரிவில் கல்விக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். பையன் மான்செஸ்டருக்குப் போய்விட்டானா? கல்லூரி இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கட்டிய கட்டணம் கட்டணமே இல்லை என்றாகிவிடும். 80இ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது: கல்விக்கடனின் வட்டியை, எவ்வளவானாலும், எட்டு ஆண்டு வரை கழிக்கலாம். அசலுக்குக் கிடையாது. பிள்ளை படித்தானா என்பதல்ல, வட்டி கட்டினாயா என்பதே கேள்வி.

மனைவியின் ஏழு பவுனை விற்றீர்களா? கணக்கில் வராது. மைத்துனர் கொடுத்தாரா? மைத்துனர் நிதி நிறுவனம் அல்ல. ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வங்கி பெரும்பாலும் பிணை கேட்கும். வைக்க ஒன்றுமில்லாதவன் மீட்டர் வட்டிக்குப் போவான். வட்டிகளிலேயே கொடிய அந்த வட்டிக்குச் சல்லிக்காசு கழிவில்லை. ஏழைக்குச் சட்டம் காட்டும் கருணை இவ்வளவுதான்!

இதில் 2023-24 முதல், வேண்டாமென்று எழுதிக் கொடுக்காதவர் எல்லோரும் புதிய வரிமுறையில்தான். அங்கே 80சியும் இல்லை, 80இயும் இல்லை. 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கு வரியை 22 சதவீதமாக இறக்கி, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி போனால் போகட்டும் என்ற அதே சர்க்கார்தான் இது. அன்று எந்த முதலாளியிடமும் பெண்டாட்டி நகைக்கு ரசீது கேட்கவில்லை.

"சார், தோட்டத்தை விக்காம பேங்க்குல வச்சு, கல்விக்கடன் வாங்கியிருந்தா?" விவசாயி கேட்கிறார்.

"அம்பதாயிரம் பிடிச்சிருக்க மாட்டாங்க அண்ணே."

விற்ற இரண்டு ஏக்கரில் வேறு யாரோ கவாத்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.