சண்டை எப்ப வரும் தாத்தா?

ஏலே பேராண்டி, இங்கன வா. தலகாணித் தண்டிப் பொஸ்தகத்தைக் கட்டில்ல குப்புறக் கவுத்திட்டு செல்போனை நோண்டிக்கிட்டு இருக்கியே, என்ன சங்கதி? டோல்கீனோட மோதிரக் கதையா? முதல் பாகம், ‘தி ஃபெல்லோஷிப் ஆஃப் த ரிங்’. அம்பது பக்கம் தாண்டிட்டு, இன்னும் ஒரு சண்டைகூட வரலைங்கே. நியாயந்தாம்ல. காசு குடுத்து வாங்கிருக்கே, முதப் பக்கத்துலயே நாலு தலை உருள வேண்டாமா?

ஊருப் பயலுவளுக்கு இங்கிலீஷ் நடத்தியே காலத்தை ஓட்டுன கெழவன் நான். சுளுவா முடிக்க வழி சொல்லுதேன், கேட்டுக்கோ.

முன்னுரையை அப்படியே தாண்டிரு. ஹாபிட்னு ஒரு குட்டைச் சனம், செருப்பே போடாதாம், பாதத்துல முடி மொளச்சிருக்குமாம், கெடைச்சா நாளைக்கு ஆறு வேளை திங்குமாம். இதைத் தெரிஞ்சு நீ என்னத்தக் கிழிக்கப் போறே? ஒங்க ஆத்தா ஒரு வேளைச் சோத்துக்கு ஒன்பது வாட்டி கூப்பிடுதா, நீ எந்திரிக்கியா?

முதல் அத்தியாயமும் ஒனக்கு ஆவாது. ஒலகமே அழியப்போற கதையை அந்த மனுசன் எங்கன ஆரம்பிக்காரு தெரியுமா? சாராயக் கடைப் பெஞ்சுல, கெழடுக அடுத்த வீட்டுக் கதையைப் பேசுத எடத்துல. அதுல தோட்டக்காரன் சாமோட அப்பன் ஒருத்தன் இருக்கான். உருளைக்கிழங்கு விசயத்துல அவன் சொன்னா அந்த ஊர்ல அப்பீல் கெடையாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு. ஏன்னு கேக்காத.

பொறவு பில்போங்கிற ஹாபிட்டோட 111வது பொறந்தநாள். விருந்துக்கு 144 பேரு. பேசிக்கிட்டே இருந்த மனுசன் மோதிரத்தை மாட்டிப் பட்டுன்னு மறைஞ்சு போறாரு. அதைவிட வேடிக்கை மறுநாள். ஆளுக்கொரு பொருளைச் சீட்டு ஒட்டி வச்சிட்டுல்லா போயிருக்காரு! இரவல் வாங்குன பொஸ்தகத்தைத் திருப்பித் தராத சொந்தக்காரனுக்கு வெறும் பொஸ்தக அலமாரி. கரண்டி களவாண்ட லொபீலியாவுக்கு ஒரு பெட்டி வெள்ளிக் கரண்டி. கடுதாசிக்குப் பதிலே போடாதவனுக்குத் தங்கப் பேனா. ஆயுசு பூரா பக்கம் பக்கமாப் புத்திமதி எழுதுன கெழவிக்கு ஒரு குப்பைக்கூடை. ஏலே, என்ன சிரிப்பு? எனக்கு ஒண்ணு வாங்கித் தரலாம்னு நெனைக்கியோ? அந்தத் தோட்டக்காரக் கெழவனுக்கு மட்டும் ரெண்டு மூட்டை உருளைக்கிழங்கு, ஒரு மம்பட்டி, மூட்டுவலிக்குத் தைலம். வாங்குனா அதை வாங்கு.

ரெண்டாம் அத்தியாயத்துல மந்திரவாதி காண்டால்ஃப் மோதிரத்தை அடுப்புல போட்டு எழுத்தைப் படிக்காரு. அது விருந்து முடிஞ்சு எத்தனை நாள் கழிச்சுங்கே? 17 வருசம்! அப்பவாவது பில்போவோட வாரிசு ஃப்ரோடோ, மோதிரத்தை வச்சிருக்கவன், விழுந்தடிச்சு ஓடுதானா? ஏப்ரல்ல கேட்ட சேதிக்குச் செப்டம்பர்ல கெளம்புதான், அதுவும் வீட்டை லொபீலியா குடும்பத்துக்கு வித்துக் கணக்கை முடிச்சிட்டு. 17 நிமிசம் நெட்டு வரலன்னா தூணுல முட்டுத ஆளு நீ, ஒனக்கு இது தாங்குமா?

எழுதுனவரும் அதே லெச்சணந்தாம்ல. இதுக்கு முந்துன கதை ‘தி ஹாபிட்’ வந்தது 1937ல. பதிப்பாளர் இன்னொண்ணு குடுங்கன்னதும் அந்த டிசம்பர்லயே பொறந்தநாள் விருந்தை எழுத ஆரம்பிச்சிட்டாரு. ஆனா முதல் பாகம் அச்சாகி வந்தது 1954ல. கழிச்சுப் பாரு, அதுவும் 17 வருசம். ‘தி ஹாபிட்’ கைப்பிரதியை மொதல்ல படிச்சுத் தேறும்னு சொன்னது பதிப்பாளரோட பத்து வயசு மகன் ரேனர். ஒரு ஷில்லிங் கூலி. அவனே வளந்து ஆளாகி, இந்தப் பெரிய கதையைப் போட்டா ஆயிரம் பவுண்டு நட்டம் வரலாம்னு அப்பாவுக்கு எழுதுனான். அப்பன்காரரு போனாப் போவுதுன்னுட்டாரு. பத்து வயசுப் பொடியனுக்கு இருந்த பொறுமை ஒனக்கு ஏன் இல்லன்னு நான் கேக்கலியே. கேட்டேனா?

அடுத்து மாகட்டுன்னு ஒரு சம்சாரி. சின்ன வயசுல ஃப்ரோடோ அவன் தோட்டத்துல காளான் திருடி, நாயி வெரட்டி ஓடுனவன். ஓட்டம் மறக்கல, இப்பவும் அந்தப் பக்கம் போவப் பயம். மோதிரத்தைத் தேடி வந்த, ஊரே நடுங்குத கறுப்புக் குதிரைக்காரனை, என் எடத்தை விட்டு வெளிய போடான்னு சொல்லுத ஆளு அந்த மாகட்டு. ஃப்ரோடோவுக்குச் சோறு போட்டு, வழியனுப்பையில ஒரு கூடைக் காளானும் குடுத்து விடுதான். நான் அந்த எடத்தை எப்ப வாசிச்சாலும் கொஞ்சம் நின்னுதான் போவேன். நீ தாண்டிரு. பொறவு டாம் பாம்படில்னு ஒருத்தர் பாட்டாப் பாடுவாரு. 2001ல வந்த படத்துல அவரைத் தூக்கியே போட்டுட்டாவ. அப்புறம் எல்ராண்டுன்னு ஒருத்தர் வீட்டுக் கூட்டத்துல ஆளாளுக்குப் பேசுத பேச்சு, நானே ஒரு வாட்டி கண்ணசந்துட்டேன், அதையும் விட்டுரு.

இப்ப வந்துட்டியா மோரியாச் சொரங்கத்துக்கு? ஒனக்கு வேண்டிய சண்டை இந்தா இருக்கு. அங்க ஒருத்தன் பாதாளத்துல விழுவான். யாருன்னு சொல்ல மாட்டேன். ஒனக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் வராது, கவலைப்படாத. பொறந்தநாள் விருந்துல அந்தாளு விட்ட வாணவேடிக்கையைத்தான் நீ படிக்கலையே. ஐயய்யோ, சொல்லிட்டனா?

இன்னொரு எழவு, இந்தப் பாகம் முடியவும் முடியாது. ஆத்தங்கரையில ஆளுக்கொரு பக்கமாப் பிரிஞ்சு போறாவ, அம்புட்டுத்தான். டோல்கீனுக்கு அது ஒரே பொஸ்தகம். போருக்குப் பொறவு காகிதம் வித்த வெலையில பதிப்பாளர்தான் மூணா வெட்டுனாவ. முதல் பாகம் ஜூலைல, ரெண்டாவது நவம்பர்ல. அதோட கடைசியில ஃப்ரோடோவை எதிரி புடிச்சிட்டுப் போயிருவான். மூணாவது வந்தது 1955 அக்டோபர்ல. பின்னிணைப்பு எழுதி முடியலைன்னு டோல்கீன் இழுத்தடிக்க, படிச்ச சனம் 11 மாசம் பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தது.

நீ என்னடான்னா மூணையும் பொட்டியோட வாங்கி அலமாரில வச்சிருக்கே. அந்த ரெண்டாவதையும் மூணாவதையும் இங்க எடு, நான் திண்ணைக்குக் கொண்டுபோறேன். திருப்பித் தருவனாங்கே? அலமாரி அனுப்பி வையி, அப்பப் பாக்கலாம்.