தீயூர்திக் கிடைநூல்: முதல் இயல்

கற்போய், செவிகொடு. பணிவிட்ட தீயணைப்பு ஊர்தி, தன்னைச் செப்பனிடுவோன் வருமட்டும் நின்றிருக்கும் நிலை 'கிடை' எனப்படும். மலேசியாவின் சொகூர் மண்ணில் அது கூரைக்கிடை, மழைக்கிடை என இருவகைத்து. ஓடும் ஊர்தி இந்நூலுக்குப் புறம்பு.

கூரைக்கிடையாவது, பொம்பா நிலைய முகப்பில் செந்நிறம் ஏற்றி நிறுத்தப்படுவது. ('பொம்பா' போர்த்துக்கீசர் நீரிறை பொறிக்கு இட்ட பெயர். மலாய்மொழி அதனைத் துறைக்கே சூட்டிற்று.) நிறம் புதிது, பொறி பழைது. இவ்வளவே.

மழைக்கிடையே விரித்துரைக்கத் தக்கது. அதன் துரு மூன்று. விரலால் துடைக்கப் போவது திட்டுத்துரு. தட்ட உதிர்வது செதில்துரு. அப்பால் நிற்போன் கண் இப்பால் தெரிவது ஊடுதுரு. ஊடுதுருவும் விரல்நுழை, கோழிநுழை என இருபாற்படும். முட்டை கண்டவிடத்துக் கோழிநுழை என ஐயமின்றித் துணிக.

இனி, அமர்வுமுறை. இலண்டன் தீயணைப்புத் தலைவர் பிரெய்டுவுட்டின் பெயர்பெற்ற பழம் உடலமைப்பில், ஆட்கள் இருமருங்கும் வெளிநோக்கி அமர்வர். இது புறக்குந்தி. வளைவில் விழுந்தாரும் உளர். பின்னாளில் டென்னிசு நிறுவனம் கட்டிய எஃப் 12 போல்வன, ஆட்கள் உள்ளே அமரும் அகக்குந்தி. எஃப் 12 உரோல்சு இராய்சின் எட்டு உருளைப் பொறி உடையது. புறக்குந்திக்குக் கூரை இல்லை. ஆகலின் கூரைத்துருவும் இல்லை. செப்பனிடுவோர் இந்நன்மையைக் கருதுவதே இல்லை என்பது எம் குறை.

1976 சனவரி முதல் நாள் மலேசியத் தீவக்குறையின் தீயணைப்புப் பணி நடுவணரசின்கீழ் வந்தது. அதற்கு முற்பட்ட ஊர்தி முன்னுரிமைத்து, பிற்பட்டது பின்னுரிமைத்து. துரு இரண்டிற்கும் பொது.

கிடையை நீட்டிப்பது தள்ளுசொல். 'சீனப் பெருநாள் கழியட்டும்', 'நோன்புப் பெருநாள் கழியட்டும்', 'தீபாவளி கழியட்டும்' என அது மூன்று. மூன்றும் ஓராண்டை நிரப்பா என மறுப்பாயேல், தீபாவளியை அடுத்து வாடைமழை தொடங்குதலை மறந்தாய். 'மழை விடட்டும்' என்னும் நான்காவது, சீனப் பெருநாளில் கொண்டு விடும். நோன்புப் பெருநாளோ பிறைவழி ஆண்டுதோறும் முன்னகர்வது. ஆகலின் எங்கு இடைவெளி நேரினும் என்றேனும் வந்து அடைக்கும். இதனைத் 'தள்ளுவட்டம்' என யாம் பெயரிட்டோம்.

பயிற்சி: உன் ஊரில் கிடக்கும் ஊர்தியை நாடிச் சென்று, வகை, துரு, குந்தி, தள்ளுசொல் நான்கும் குறித்து வருக. ஊடுதுருவில் விரல் இடேல். உள்ளே கோழி அடைகாக்கும்.